தவளைக்கு மூளைத் தண்டு எங்கே இருக்கிறது?

கேள்வி: சேலத்தில் இளங்கலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தவளை மூளைப் படத்தில் பார்வைக் கதுப்பு, சிறுமூளை, முகுளம் என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். மூளைத் தண்டு என்று எங்கும் இல்லை. மனித மூளையில் சொல்லித் தரும் பான்ஸும் இல்லை. தவளைக்கு மூளைத் தண்டு உண்டா? மனிதனுக்கு 12 ஜோடி மூளை நரம்புகள், தவளைக்கு 10 மட்டும் ஏன்? மழை பெய்த இரவில் எங்கள் கன்னங்குறிச்சிப் பக்கம் காதை அடைக்கிற அளவுக்குத் தவளைகள் கத்துகின்றன. அந்தக் கத்தலை மூளையின் எந்தப் பகுதி நடத்துகிறது?

பதில்:

உண்டு தம்பி. தவளை மூச்சு விடுவது, பூச்சியைக் கண்டு திரும்புவது, நாக்கை வீசுவது, விழுங்குவது, கவிழ்த்துப் போட்டால் நிமிர்வது, இரவெல்லாம் கத்துவது, இத்தனைக்கும் பொறுப்பு மூளைத் தண்டுதான். பாடநூல் படம் மூளையை மேலிருந்து பார்த்து, மேடாகத் தெரிகிற பாகங்களுக்கு மட்டும் பெயர் போடுகிறது. மூளைத் தண்டு தனியாக ஒரு மேடு இல்லை, அந்த மேடுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தொடர்ச்சி. அதனால்தான் படத்தில் அதற்குப் பெயர் விழவில்லை. நீளவாக்கில் என்னென்ன பத்திகள் ஓடுகின்றன, குறுக்குவாக்கில் எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வருகிறது என்று பார்க்கப் பழகுங்கள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பார்வையிலேயே விடை இருக்கிறது.

முதலில் எல்லை. நடுமூளையும் பின்மூளையும் சேர்ந்தது மூளைத் தண்டு, சிறுமூளையை மட்டும் கழித்துவிட வேண்டும். முன் எல்லை, பார்வைக் கதுப்புகள் தொடங்கும் இடம். பின் எல்லை, மண்டையோட்டின் பின்துளை. அங்கே முகுளம் குறுகிக் குறுகித் தண்டுவடமாகிவிடுகிறது. இதுவரை முகுளம், இதற்குமேல் தண்டுவடம் என்று கண்ணுக்குத் தெரிகிற கோடு கிடையாது. வளர்ந்த தவளையின் மூளை மொத்தமுமே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான், அதில் ஏறக்குறைய பாதி நீளம் இந்தப் பகுதிக்குப் போய்விடும்.

அடுத்து பான்ஸ், மனித மூளைத் தண்டில் நடுமூளைக்கும் முகுளத்துக்கும் இடையில் இருக்கும் புடைப்பு. மனிதனில் பான்ஸ் அவ்வளவு புடைத்துத் தெரியக் காரணம், பெருமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து சிறுமூளைக்குப் போகும் செய்திகள் அங்கே கைமாறுகின்றன. அதற்கென்றே ஏராளமான நரம்புச் செல்களும், குறுக்கே கடக்கும் இழைகளும் அங்கே குவிந்திருக்கின்றன. தவளைக்கு நம்மைப் போல ஆறு அடுக்குப் புறணி இல்லை. சிறுமூளையோ பார்வைக் கதுப்புகளுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் ஒரு மெல்லிய பட்டை. இரண்டுக்கும் நடுவே அவ்வளவு போக்குவரத்து இல்லாதபோது புடைப்பு எதற்கு? ஆனால் அந்த இடம் காணாமல் போய்விடவில்லை. மனிதனில் பான்ஸுக்குள் இருக்கும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் நரம்புகளின் செல்கள் தவளையில் முகுளத்தின் முன்பாதியில் இருக்கின்றன. தேர்வில் 'தவளைக்கு பான்ஸ் இல்லை' என்று எழுதுவது சரிதான். பான்ஸ் என்ற புடைப்பு இல்லை, அந்த மட்டம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு எழுதுங்கள்.

இப்போது முகுளத்தின் மேல்புறத்துக்கு வாருங்கள். அங்கே முக்கோணமாக ஒரு பள்ளம் தெரியும், அதுதான் நான்காவது மூளைக்குழி. அதன் கூரையில் நரம்புச் செல்கள் இல்லை, இரத்த நாளங்கள் பின்னிய மெல்லிய சவ்வு மட்டும்தான். நாங்கள் தவளையை அறுத்துப் பாடம் நடத்திய காலத்தில், இடுக்கி லேசாகப் பட்டாலே அந்தச் சவ்வு கருஞ்சிவப்பாக உரிந்து வந்துவிடும். அதை எடுத்த பிறகுதான் குழியின் தரை தெரியும். கருவில் மூளை முதலில் ஒரு குழாய். பின்மூளை மட்டத்தில் அந்தக் குழாயின் முதுகுப்புறம் இரண்டு பக்கமும் விலகி விரிகிறது. முருங்கைக்காயை ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீறி, இரண்டு கையாலும் விரித்துப் பாருங்கள். மேலே இருந்த இரண்டு ஓரங்களும் வெளியே ஒதுங்கும், அடியில் இருந்தது நடுவுக்கு வரும்.

முகுளத்தில் நடந்திருப்பதும் அதுவே. தண்டுவடத்தில் உணர்வுச் செய்தி வந்து சேர்வது மேல்பாதியில், இயக்கக் கட்டளை கிளம்புவது கீழ்ப்பாதியில் என்று படித்திருப்பீர்கள். குழாய் விரிந்ததால் முகுளத்தில் உணர்வுப் பகுதி வெளி ஓரத்துக்கும், இயக்கப் பகுதி நடுக்கோட்டுக்கு அருகிலும் வந்துவிட்டன. இரண்டுக்கும் இடையில் குழியின் தரையில் ஒரு மெல்லிய பள்ளம் எல்லைபோல ஓடும். நடுக்கோட்டிலிருந்து வெளியே போனால் முதலில் கண் தசைகளையும் நாக்குத் தசையையும் அசைக்கும் செல்களின் பத்தி. அதை அடுத்து தாடை, வாய்த்தரை, தொண்டை, குரல்வளை ஆகியவற்றை அசைக்கும் பத்தி. எல்லைப் பள்ளத்தைத் தாண்டினால் சுவை, குடல், நுரையீரல் செய்திகள் வரும் பத்தி, பிறகு முகத்தோலின் தொடு உணர்வுக்கான பத்தி, கடைசி ஓரத்தில் காதும் சமநிலையும். நான்கைந்து பத்திகள்தான். இவை தெரிந்துவிட்டால் எந்த நரம்பின் செல்கள் எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இது நீளவாக்குக் கணக்கு. குறுக்குவாக்கில், கருவின் பின்மூளை எட்டுத் துண்டுகளாகப் பிரிகிறது. இந்தத் துண்டுகளுக்கு ரோம்போமியர் என்று பெயர். ஐந்தாம் நரம்பு இரண்டாம் துண்டில் வெளியேறுகிறது. ஏழாம், எட்டாம் நரம்புகள் நான்காம் துண்டில். ஆறாம் நரம்பின் செல்கள் ஐந்தாம் துண்டில். ஒன்பதாம் நரம்பு ஆறில், பத்தாம் நரம்பான வேகஸ் ஏழு, எட்டில். எலியிலும் மனிதனிலும் கரு வளரும்போது செல்கள் பல இடம் மாறிவிடுவதால் இந்த வரிசை கலைந்துபோகிறது. தவளையில் வளர்ந்த பிறகும் இது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. முதுகெலும்பிகளின் பின்மூளை எப்படி அடுக்கப்பட்டது என்று படிக்க ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தவளையைத் தேடி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நரம்புகளின் எண்ணிக்கைக்கு வருவோம். மனிதனின் 12இல் கடைசி இரண்டும் கழுத்து, தோள் தசைக்குப் போகும் பதினோராவதும் நாக்குக்குப் போகும் பன்னிரண்டாவதும். தவளையில் பதினோராவது தனியாகப் பிரியாமல் வேகஸோடு சேர்ந்தே கிடக்கிறது. நாக்கு நரம்பு மண்டையோட்டுக்குள்ளிருந்து வெளியே வராமல், முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே வெளிப்படுகிறது. மண்டைக்கு வெளியே வந்ததால் அதைத் தண்டுவட நரம்பு என்று எண்ணிவிட்டோம். 10 என்ற கணக்கு இப்படி வந்தது. வேலையைப் பார்த்தால் அது நம் பன்னிரண்டாம் நரம்பேதான், அதன் செல்களும் முகுளத்தின் கடைக்கோடியிலிருந்து தொடர்ந்து வருகிற அதே இயக்கப் பத்தியில்தான் இருக்கின்றன.

படத்தில் குறிக்கும்போது மாணவர்கள் தடுமாறும் நரம்பு நான்காவது. மற்றவை எல்லாம் மூளையின் அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ கிளம்ப, இது மட்டும் மேல்புறத்தில், பார்வைக் கதுப்புக்கும் சிறுமூளைக்கும் இடையில் வெளிவரும். தவளைக்கு மட்டுமல்ல, நமக்கும் அப்படித்தான். ஐந்தாம், ஏழாம் நரம்புகளின் முடிச்சுகள் (மூளைக்கு வெளியே நரம்புச் செல்கள் திரண்ட இடங்கள்) தவளையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயை மூடுவது ஐந்தாம் நரம்பின் வேலை, திறப்பது ஏழாம் நரம்பின் வேலை.

ஆறாம் நரம்பைப் பற்றிப் பாடநூல்கள் ஒரு வரியோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஒரு தசை என்று மட்டும் போட்டிருப்பார்கள். தவளையில் அதற்கு இன்னொரு வேலை உண்டு. கண்ணை உள்ளே இழுக்கும் தசைக்கும் கட்டளை இந்த நரம்பு வழியாகத்தான் போகிறது, அதற்கென்று பக்கத்தில் தனியாக ஒரு செல் கூட்டமும் இருக்கிறது. தவளை பெரிய வெட்டுக்கிளியை விழுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை இறுக மூடிக்கொள்வது போலத் தெரியும். உண்மையில் கண் விழிகள் வாயின் கூரை வழியாகக் கீழே இறங்கி இரையைத் தொண்டைப் பக்கம் தள்ள உதவுகின்றன. கண்ணுக்கான நரம்பு விழுங்குவதில் கை கொடுக்கிறது!

நடுமூளையில் மேலே இருப்பது பார்வைக் கதுப்பு. வலக்கண்ணின் இழைகள் ஏறக்குறைய முழுவதும் இடக் கதுப்புக்கும், இடக்கண்ணின் இழைகள் வலக் கதுப்புக்கும் கடந்துபோகின்றன. கண்முன் இருக்கும் வெளி முழுக்க அங்கே ஒரு வரைபடம்போலப் பதிகிறது. 1940களில் ரோஜர் ஸ்பெர்ரி தவளை, நீர்ப்பல்லி போன்றவற்றின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்து பழைய இடங்களிலேயே போய்ச் சேர்ந்தது. அதனால் பூச்சியை மேலே காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. அந்தப் பழக்கம் மாறவே இல்லை. வரைபடத்திலிருந்து கிளம்பும் கட்டளைகளும் இரண்டு வழி பிரிகின்றன. இரையை நோக்கித் திரும்பச் சொல்பவை குறுக்கே கடந்து மறுபக்க முகுளத்துக்கு இறங்குகின்றன. எதிரியிடமிருந்து விலகச் சொல்பவை பெரும்பாலும் அதே பக்கமாகவே இறங்குகின்றன.

இனி உங்கள் கன்னங்குறிச்சி இரவுக்கு வருவோம். கோடை மழை நன்றாகப் பெய்து மூக்கனேரி ஓரமும் வயல் வரப்பும் நிரம்பியதும் பெருந்தவளை ஆண்கள் மஞ்சளாக மாறி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் புடைக்கக் கத்தும். அதற்குள் என்ன நடக்கிறது பாருங்கள். தவளை முதலில் நுரையீரலை நிரப்பிக்கொள்கிறது. வாயும் மூக்குத் துளையும் மூடிய நிலையில் வயிற்றுப் பக்கத் தசைகள் இறுகிக் காற்றைத் தள்ளுகின்றன. காற்று குரல்வளை வழியாகப் பாயும்போது குரல் நாண்கள் அதிர்கின்றன. வாய்க்குள் வந்த காற்று குரல் பையை ஊதுகிறது, பிறகு அதே காற்று மறுபடி நுரையீரலுக்குப் போகிறது. காற்றை வீணாக்காததால்தான் மணிக்கணக்கில் கத்த முடிகிறது.

குரல்வளைத் தசைக்குக் கட்டளை வேகஸ் வழியாக வருகிறது. வாய்த்தரைக்கும் குரல் பைக்கும் ஐந்தாம், ஏழாம் நரம்புகள். வயிற்றுத் தசைக்குத் தண்டுவட நரம்புகள். இத்தனை பேரையும் ஒரே தாளத்தில் நிறுத்த ஒரு தலைவர் வேண்டும். அந்தத் தலைவர் ஐந்தாம் நரம்பின் இயக்கச் செல்களுக்குச் சற்று முன்னால், நடுமூளையும் பின்மூளையும் சேரும் இடுக்கில் உள்ள ஒரு செல் கூட்டம். வட அமெரிக்கத் தவளைகளில் ராபர்ட் ஷ்மிட் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் இதைக் காட்டின. அந்தக் கூட்டமும் வேகஸின் இயக்கச் செல்களும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்கின்றன, அந்தப் பேச்சின் தாளம்தான் கத்தலின் தாளம்.

இதற்கு என் மனதில் நிற்கிற சான்று ஆப்பிரிக்க ஜெனோபஸ் தவளையில் கிடைத்தது. 2007இல் ஆயாகோ யமகுச்சியின் குழு அதன் மூளையை மட்டும் தனியாக எடுத்து, ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் வைத்து, நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினைச் சேர்த்தது. காது இல்லை, நுரையீரல் இல்லை, தொண்டை இல்லை. ஆனாலும் குரல்வளைக்குப் போகும் நரம்பின் வேரில் கத்தலுக்கான மின்தாளம் அப்படியே வந்தது. ஆணின் மூளை ஆண் பாட்டையும் பெண்ணின் மூளை பெண் பாட்டையும் தந்தது. பாட்டு முழுவதும் மூளைத் தண்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஹார்மோன் அங்கே போய்ச் செயல்படுவதால்தான் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் இந்தக் கூச்சல்.

கேட்கும் பக்கமும் தண்டில்தான். தவளையின் உட்செவியில் ஒலிக்கு இரண்டு உறுப்புகள் உண்டு, ஒன்று தாழ்ந்த சுரத்துக்கு, மற்றொன்று உயர்ந்த சுரத்துக்கு. இரண்டின் இழைகளும் எட்டாம் நரம்பாக முகுளத்தின் வெளி ஓரத்தில் நுழைகின்றன. அங்கிருந்து ஒரு பங்கு குறுக்கே கடந்து, இரண்டு காதுச் செய்தியும் கலந்து, நடுமூளைக்கு ஏறுகிறது. பார்வைக் கதுப்பைத் திறந்தால் உள்ளே அடியில் புடைத்துத் தெரியும் மேடு அதற்கான இடம், டோரஸ் என்பார்கள். அங்குள்ள சில நரம்புச் செல்கள் எண்ணுகின்றன! கேரி ரோஸின் குழு 2002இல் வட அமெரிக்க மரத்தவளையில் இதைக் கண்டது. சரியான இடைவெளியில் இத்தனை துடிப்பு வந்த பிறகுதான் அந்தச் செல் பதில் தரும். நடுவில் ஒரே ஒரு இடைவெளி தவறினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே குட்டையில் நான்கைந்து இனங்கள் சேர்ந்து கத்தும்போது பெண் தவளை தன் இனத்து ஆணிடம் சரியாகப் போய்ச் சேர்வதற்கு இப்படிப்பட்ட வடிகட்டிகள் வேண்டும்.

கத்தலுக்கு அடித்தளம் மூச்சு. தவளைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்சை விரிக்க விலா எலும்பும் இல்லை. வாய்த்தரையை ஏற்றி இறக்கித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தொண்டை எப்போதும் படபடவென்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வாய்க்காற்றைப் புதுப்பிக்கும் சிறு துடிப்பு, நுரையீரலை நிரப்பும் பெரிய மூச்சு அவ்வப்போது வரும். இரண்டுக்கும் தனித்தனி தாளக்கூட்டங்கள் முகுளத்தில் உள்ளன. பெரிய மூச்சின் தாளம் முன்பக்கம், சிறு துடிப்பின் தாளம் பின்பக்கம். அமெரிக்காவின் புல்ஃபிராக் தவளையின் மூளைத் தண்டைத் தனியே எடுத்துக் கரைசலில் வைத்தாலும் மணிக்கணக்கில் இந்தத் தாளம் நரம்புகளில் ஓடிக்கொண்டே இருக்கும். வளர்ந்த பாலூட்டியின் மூளைத் தண்டை வெளியே எடுத்தால் ஆக்சிஜன் போதாமல் சீக்கிரம் அணைந்துவிடும். மூச்சு ஆராய்ச்சியில் தவளைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

பழைய சோதனைகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோல்ட்ஸ், பெருமூளையை மட்டும் நீக்கிய தவளை நிமிர்ந்து உட்காருகிறது, நீரில் விட்டால் நீந்துகிறது, சாய்கிற பலகையில் ஏறிச் சமநிலை பிடிக்கிறது, முதுகைத் தடவினால் கத்துகிறது என்று காட்டினார். முகுளத்தையும் நீக்கினால் மூச்சும் நிமிர்வும் போய்விடும். காலில் அமிலம் பட்டால் துடைப்பது மட்டும் மிஞ்சும், ஏனென்றால் அது தண்டுவடத்தின் வேலை. ரஷ்யாவின் செச்செனோவ் 1860களின் தொடக்கத்தில், நடுமூளையை ஒட்டிய வெட்டுப் பரப்பில் உப்புக்கல் வைத்தால் காலை இழுக்கும் அனிச்சைச் செயல் தாமதமாவதைப் பார்த்தார். கட்டளையிடுவது மட்டுமில்லை, அடக்குவதும் மூளைத் தண்டின் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. 1921இல் ஆட்டோ லோவி செய்த இரண்டு தவளை இதயச் சோதனையும் வேகஸ் வழியாக நடந்ததுதான். ஓர் இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டபோது இரண்டாவதும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்று நிரூபித்த அந்த வேலைக்காக 1936இல் நோபல் பரிசு ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது.

தலைப்பிரட்டையை விட்டுவிடக் கூடாது. அதன் தோலில் நீர் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகள் உண்டு, அவற்றின் செய்திக்கு முகுளத்தின் வெளி ஓரத்தில் தனிப் பத்தி உண்டு. வால் சுருங்கிக் கால் முளைக்கும்போது பெரும்பாலான தவளைகளில் அந்த உறுப்பும் பத்தியும் மறைகின்றன. நான்காம் துண்டில் மௌத்னர் செல் என்ற மிகப் பெரிய நரம்புச் செல் இரண்டு இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தட்டினால் தலைப்பிரட்டை ஒரு பக்கம் வளைந்து சட்டென்று பாய்ந்துவிடுகிறதே, அதைத் தொடங்கி வைப்பது இந்தச் செல்தான். செவ்வாய்ப்பேட்டை சிமெண்ட் தொட்டியானாலும் ஏற்காட்டுக் காபித் தோட்டத்துத் தொட்டியானாலும் மழைக்காலத்தில் நீங்களே இதைப் பார்க்கலாம்.

தவளையை அறுக்காமல் இதையெல்லாம் எப்படிப் படிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் பாடத்தில் உயிரினங்களை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏரிகளிலிருந்து ஆண்டுதோறும் பிடித்து வந்த தவளைகளுக்கு அளவே இல்லை. உங்கள் துறை அருங்காட்சியகத்தில் பழைய கண்ணாடிக் குடுவைகளில் மூளை மாதிரிகள் இருக்கக்கூடும், ஆசிரியரிடம் கேட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழியின் கூரைச் சவ்வு நீக்கியதா, நீக்காததா என்று முதலில் கவனியுங்கள்.

பிறகு இரண்டு படம் போடுங்கள். ஒன்று சவ்வை நீக்கி மேலிருந்து பார்த்தது, அதில் எட்டுத் துண்டுகளையும் புள்ளிக்கோட்டால் பிரித்து நரம்புகளை இடம் பார்த்துக் குறியுங்கள். மற்றொன்று எட்டாம் நரம்பு நுழையும் மட்டத்தில் குறுக்கு வெட்டு. நடுவிலிருந்து ஓரம் வரை பத்திகளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்து, இயக்கத்துக்கும் உணர்வுக்கும் இடையே அந்த எல்லைப் பள்ளத்தையும் மறக்காமல் காட்டுங்கள்.